பல்லும் போக வேண்டுமா?

மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் கதைக்குரிய ஊர் திருநின்றவூர். மனத்துக்கு அத்தனை பெருமை! ஆனால் அந்த மனம் நோயுற்றால், அவர் வாயைத் திறந்து பார்ப்பார் எத்தனை பேர்?

மனநோய் மாத்திரைகளிற் பல உமிழ்நீரை வற்றச் செய்கின்றன. உமிழ்நீரே பல்லுக்குக் காவற்காரன். அது வற்றினால் பல் சொத்தையாகும், ஈறு கெடும். வறண்ட வாய்க்கு இனிப்புத் தேநீரும் பீடியும் துணை. சோர்விலே பல் துலக்கக் கை எழாது. மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை நாம், அது வேண்டும். ஆனால் பல்வலியால் அவர் கத்தும்போது, 'கிறுக்கு முற்றிவிட்டது' என்கிறோமே, அது நியாயமா? பல்லிழந்தவர் சோற்றை மெல்ல முடியாது. நோய் தணிந்த பிறகும் நாலு பேர் முன்னே வாய் திறந்து வேலை கேட்கக் கூசுகிறார்.

அமெரிக்காவில், டிரெண்டன் மனநோய் மருத்துவமனையில், ஹென்றி காட்டன் என்ற மருத்துவர், பல்லிலுள்ள நச்சே பைத்தியத்துக்குக் காரணமென்று 1920-களில் நோயாளிகளின் பற்களைப் பிடுங்கித் தள்ளினார். அது பிழையென்று பின்னர் தெரிந்தது. அன்று பிடுங்கினார்கள், இன்று அழுகவிடுகிறோம்!

எல்லா மருத்துவத்திலும் மனநோயாளர் உடல்நோயாளருக்குச் சமம் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். பல்லும் உடம்பில்தானே இருக்கிறது? கூலியை இழந்து, நோயாளியையும் அழைத்துக்கொண்டு, திருநின்றவூர்த் தொழிலாளி பல்லுக்கென்று தனியே பட்டணத்துக்கு ரயிலேறுவானேன்? மாவட்ட மனநலத் திட்டத்தில் மாத்திரை கொடுக்கும் இடத்துக்கே பல் மருத்துவர் ஒருவர் வரட்டும். கஜானா காலியாகிவிடாது. கிளைத் தோழர்கள் இதைத் தீர்மானமாக்கிச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுக்க வேண்டுகிறோம்.