புதுக் கணினியில் "மெமரி இல்லை" என்று வந்தால் போட்டோவை அழிக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டில் கணினியோ லேப்டாப்போ இருந்தால் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

சமீபமாக எனக்கு வருகிற போன்களில் இந்தப் புகார் அதிகம்: "சார், வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல. மெமரி கம்மின்னு வருது, அப்படியே நின்னுடுது." மேல்மலைப் பக்கம் ஒரு வீட்டில், கடைக்காரர் பேச்சைக் கேட்டு, காலமான பாட்டியின் படங்கள் உட்பட எல்லாவற்றையும் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டார்கள். கணினி வேகம் கூடவில்லை. படங்கள் போனதுதான் மிச்சம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பெரும்பாலும் குற்றவாளி உங்கள் போட்டோ அல்ல. "மெமரி" என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு பொருள்களை நாம் அழைப்பதுதான் குழப்பம். ஒன்று சேமிப்பகம், அதாவது ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி. இன்னொன்று ரேம் என்கிற நினைவகம். போனில் "மெமரி ஃபுல்" என்றால் சேமிப்பகம் நிறைந்துவிட்டது என்று பொருள், படத்தை அழித்தால் சரியாகும். அந்தப் பழக்கத்தைக் கணினிக்கும் கொண்டுவந்துவிட்டோம்.

நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைத் தினமும் படம் எடுத்துச் சேர்த்து வந்திருக்கிறார்கள். நூறாண்டுப் படங்களும் அலமாரியில் இருக்கும். ஆராய்பவர் தனக்கு வேண்டிய சிலவற்றை மட்டும் மேசையில் எடுத்து வைப்பார். அலமாரிதான் சேமிப்பகம், மேசைதான் ரேம். மேசையில் இடம் இல்லையென்று அலமாரியில் இருப்பதை எரித்தால் என்ன பயன்?

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 4000-க்கு 3000 புள்ளிகள் கொண்ட போன் படம் ஒன்று டிஸ்க்கில் சுருக்கி வைத்த நிலையில் சில எம்பிதான். அதைத் திறந்தால் புள்ளிக்கு 4 பைட் வீதம் ரேமில் சுமார் 48 எம்பி எடுத்துக்கொள்ளும். மூடிவிட்டால் அந்த இடம் திரும்பக் கிடைத்துவிடும். திறக்காத பத்தாயிரம் படங்கள் கிடந்தாலும் அவை ரேமில் இடம் பிடிப்பதில்லை.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் பாருங்கள், பிறகு கை வையுங்கள்.

1. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் மெமரி என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் பிடிப்பது எது என்று வரிசையாகக் காட்டும். பெரும்பாலும் பிரவுசர்தான் முதலில் நிற்கும். திறந்து மறந்த இருபது டேப்களை மூடுங்கள்.

2. ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பகுதியில் கணினியோடு தானாகவே கிளம்பும் தேவையற்ற செயலிகளை நிறுத்துங்கள். ஒன்றுக்கு இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள்.

3. "தினமும் ஷட் டவுன் பண்றேனே" என்பீர்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கினால் ஷட் டவுன் முழு ஓய்வு ஆகாது. சிஸ்டத்தின் ஒரு பகுதியை அப்படியே சேமித்து வைத்து மறுநாள் எடுக்கும். வாரம் ஒருமுறையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள்.

4. சி டிரைவில் எவ்வளவு காலி என்று பாருங்கள். ரேம் நிறைந்தால் விண்டோஸ் டிஸ்க்கில் ஒரு பகுதியைத் தற்காலிக மேசையாகப் பயன்படுத்தும். அதற்கும் இடமில்லை என்றால்தான் "மெமரி இல்லை" என்ற எச்சரிக்கை வரும். டிஸ்க் நிறைந்திருந்தால் மட்டும் அதில் இடம் ஒதுக்குங்கள். அப்போதும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஆரம்பியுங்கள். குடும்பப் படங்களை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகே நகர்த்துங்கள்.

5. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மொத்த ரேம் எவ்வளவு என்று பார்த்து பில்லோடு ஒப்பிடுங்கள். கிராபிக்ஸுக்காகக் கொஞ்சம் ஒதுக்கியிருப்பார்கள், அது இயல்பு. பில்லில் 8 ஜிபி, திரையில் 4 என்றால் வாரண்டியோடு கடைக்குப் போங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் எப்போதும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறதா? மேசையே சிறிது என்று அர்த்தம். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 2011-இல் அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது அதில் 2 ஜிபி ரேம். உங்களில் பலர் பிளஸ் டூவில் வாங்கியிருப்பீர்கள். அன்றைய செயலிகளுக்கு அது ஓடியது. இன்று விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சமே 4 ஜிபி. குறைந்தபட்சம் என்றால் பஸ்ஸில் புட்போர்டில் நிற்க இடம் கிடைத்த மாதிரி. ஆன்லைன் வகுப்பு, பிரவுசர், வேர்டு மூன்றும் ஏறினால் மூச்சு முட்டும். அப்படிப்பட்ட பெட்டியை "ஸ்டூடண்ட் மாடல்" என்று விற்பது நியாயமில்லை. வெளியில் புதுசாக இருப்பதால் மட்டும் உள்ளே போதுமானதாக ஆகிவிடாது.

பூண்டு விற்ற காசைச் சேர்த்து, மலை இறங்கி வத்தலக்குண்டோ திண்டுக்கல்லோ போய் வாங்கி வருகிறவர்கள் நம் மக்கள். பழுது என்றால் மறுபடியும் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். கடைசியில் வீட்டில் திட்டு வாங்குவது பிள்ளைதான்: "நீ கேம் ஆடி கெடுத்துட்ட." பல நேரம் பிள்ளை மேல் தவறே இருப்பதில்லை.

ஆகவே வாங்கும்போதே மூன்று கேள்வி கேளுங்கள். ரேம் எத்தனை ஜிபி? பின்னால் கூட்ட ஸ்லாட் இருக்கிறதா, போர்டோடு பற்றவைத்ததா? டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ? கடைசிக் கேள்வி முக்கியம், ஒன்றின் ரேம் மற்றதில் பொருந்தாது. என்னைக் கேட்டால் இன்று 8 ஜிபிக்குக் குறைந்து வாங்கவே வேண்டாம். பற்றவைத்த ரேம் என்றால் 16 கிடைக்குமா பாருங்கள். அதற்குக் காசு போதாவிட்டால் பளபளப்பான மூடியையும் பெரிய திரையையும் விட்டுக்கொடுங்கள், ரேமை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கணினித் துறையில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு வரும்போது அக்கம்பக்கத்து வீட்டுக் கணினியை அரை மணி நேரம் பார்த்துக் கொடுங்கள். உங்களுக்கு அது ஐந்து சொடுக்கு. அவர்களுக்கு அது ஒரு மாதச் செலவு.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்