பஸ் நேரத்துக்கு வந்த ஊரில் பணம் மட்டும் ஏன் வருவதில்லை?

டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட காலம் ஒன்று உண்டு என்று மதுரையில் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1911-ல் சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய கம்பெனி இந்த ஊருக்குக் கொடுத்த நற்பெயர் அது. இன்று கப்பலூர் சிட்கோ பக்கம் போய், ஏதாவது ஒரு லேத் பட்டறைக்காரரிடம், "போன மாதம் அனுப்பிய சரக்குக்குப் பணம் வந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்.

இதை எழுதக் காரணம், சமீபத்தில் ஒரு கல்யாண வீட்டில் நடந்த பேச்சு. உறவுக்காரப் பையன் ஒருவன் ஒரு கம்பெனியில் கொள்முதல் மேனேஜர். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னான்: "மாமா, சப்ளையர் எல்லாருக்கும் 45 நாளில் கொடுத்துக்கிட்டிருந்தாங்க. நான் வந்து 120 நாள் ஆக்கிட்டேன். கம்பெனிக்கு வட்டியில்லாத பணம்!" அதற்காக அவனுக்குப் பதவி உயர்வும் கிடைத்ததாம். கல்யாண வீட்டில் எதற்குச் சண்டை என்று பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

அது வட்டியில்லாத பணம் இல்லை. வட்டியை வேறொருவன் கட்டுகிறான். பட்டறைக்காரன் வெள்ளிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும், இரும்புக் கடைக்கு ரொக்கம் வைக்க வேண்டும். கம்பெனி பணம் வராவிட்டால் மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். அதுவும் போனபின் கந்து வட்டிதான். கோடிக்கணக்கில் புரளும் கம்பெனிக்கு, பத்து ஆள் வைத்திருப்பவன் கடன் கொடுக்கிறான். இதற்குப் பெயர் நிர்வாகத் திறமையா?

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நானும் அந்தப் பாவத்தைச் செய்தவன்தான். எண்பதுகளில் ஓர் அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் குமாஸ்தா. கே.புதூரிலிருந்து ஒருவர் இரும்பு அலமாரிகள் செய்து கொடுத்தார். டெலிவரி சலானில் தேதி அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது, விளக்கம் தேவை என்று எழுதி பில்லைத் திருப்பினேன். விளக்கம் வந்ததும் இன்னொரு கேள்வி. பில் பாஸாக எட்டு மாதம் ஆயிற்று. லஞ்சம் வாங்காத கை என்ற கர்வம் எனக்கு. பில்லை முடக்குவதும் ஒருவகைத் திருட்டு என்று அப்போது உறைக்கவில்லை.

அடுத்த கொட்டேஷனில் அவர் விலையைக் கூட்டியிருந்தார். ஏன் என்று கேட்டேன். "சார், இதில் எட்டு மாச வட்டியும் சேர்ந்திருக்கு. காசு உடனே கொடுக்கிற இடத்துக்கு வேற ரேட்" என்றார். ஆர்டர் குறைந்த விலைக்காரருக்குப் போயிற்று. புதிய அலமாரிகளில் லெட்ஜர்களை அடுக்கியதும் தட்டுகள் நடுவில் தொய்ந்தன. தாமதிக்கிறவனிடமிருந்து நல்ல சப்ளையர் விலகிப் போவான். மிஞ்சுகிறவன் தகட்டின் கனத்தைக் குறைத்துத் தன் வட்டியை எடுத்துக்கொள்வான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பதிவுபெற்ற குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இப்போது வருமான வரியிலும் ஒரு பிடி வைத்திருக்கிறார்கள். கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்டலாம்.

ஆனால் அந்த வட்டியைக் கேட்டு வாங்க வேண்டியவன் சப்ளையர். புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வருமா? யானைமேல் யார் வழக்குப் போடுவது? நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்த நாட்டுச் செய்திகளில் கொஞ்சம் கவனம் உண்டு. அங்கே 2008-ல் வந்த சட்டம், பில் தேதியிலிருந்து பொதுவாக 60 நாள்தான் கெடு என்றது. தவறும் கம்பெனிகளை அரசு இலாகாவே சோதித்து 20 லட்சம் யூரோ வரை அபராதம் போடலாம். பெயரையும் வெளியிடுகிறார்கள். அங்கும் தாமதம் ஒழிந்துவிடவில்லை. ஆனால் தண்டிக்கும் வேலையைப் பட்டறைக்காரன் தலையில் கட்டவில்லை.

"எங்களுக்கே வர வேண்டிய பணம் வரவில்லையே" என்பான் நம் மேனேஜர். உண்மையாகவே இருக்கலாம். அதற்குத்தான் உனக்கு வங்கியில் ஓவர்டிராஃப்ட் இருக்கிறது, அடமானம் வைக்க கட்டடம் இருக்கிறது. அவனிடம் இருப்பது ஒரு லேத், அதுவும் தவணையில்.

பெரிய சீர்திருத்தம் எதுவும் நான் கேட்கவில்லை. ஆர்டரிலேயே பணம் தரும் தேதியை அச்சடியுங்கள். பில்லில் குறை இருந்தால் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில், மூன்று நாளில் சொல்லுங்கள். தேதி தாண்டினால் அவன் கேட்காமலே வட்டி சேர்த்துக் கொடுங்கள். மேனேஜருக்குப் பதவி உயர்வு தரும்போது, எத்தனை நாள் இழுத்தடித்தான் என்று பார்க்காமல், எத்தனை சப்ளையர்கள் பத்து வருஷமாக விலகாமல் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கே.புதூர்க்காரர் செய்த அலமாரிகள் நான் ஓய்வு பெற்ற நாளிலும் அந்த ஆபீசில் நேராக நின்றன. அவரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்துப் போனேன். பட்டறை இருந்த இடத்தில் வேறு ஏதோ கடை இருந்தது.