திருவொற்றியூர் புல்லட்டும் நல்ல ஆயனும்

பங்கு என்ன கம்பெனியா, அதை நடத்த நிர்வாகப் பாடம் எதற்கு என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. நியாயமான கேள்விதான். ஆயினும், மக்களை வழிநடத்தும் பொறுப்பு உள்ளவர்கள் நல்லதை எங்கிருந்தும் கற்றுக்கொள்ளலாம். அதற்காக நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. நமது வடசென்னையிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

1955-ல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு நிறுவனம் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளைத் தயாரித்தது. இங்கிலாந்தில் இருந்த தாய் நிறுவனம் மூடப்பட்ட பிறகும் இங்கே வேலை நிற்கவில்லை. ஆனால் 2000-ல் நிலைமை மோசமானது. மாதம் 6,000 வண்டிகள் செய்யக்கூடிய நிறுவனம் சுமார் 2,000 வண்டிகளையே விற்றது. மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்று உரிமையாளரான ஐச்சர் குழுமம் யோசித்தது. அப்போது 26 வயதான சித்தார்த்த லால் பொறுப்பேற்றார்.

அவர் செய்தவற்றில் மூன்றை நாம் கவனிக்கலாம்.

முதலாவது, அவரே புல்லட் ஓட்டினார், ஓட்டுபவர்களோடு பேசினார். அலுவலகத்துக்கு வரும் அறிக்கை சொல்லாததைச் சாலை சொல்லிவிடும். வீடு சந்திக்கும் பங்குத்தந்தைக்கும், பட்டறையில் தொழிலாளியோடு நிற்கும் முதலாளிக்கும் இது தெரியும்.

இரண்டாவது, எதை மாற்றுவது, எதைக் காப்பது என்று பிரித்துப் பார்த்தார்கள். பழைய புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். பழகியவர்களுக்கு அதுவே பெருமை; புதியவர்களுக்கோ அது பயம். எண்ணெய்க் கசிவு வேறு. கியர் இடது பக்கம் வந்தது, புதிய என்ஜின் வந்தது. ஆனால் 2009-ல் வெளிவந்த கிளாசிக் வண்டியிலும் பழைய தோற்றம் மாறவில்லை. நம் பங்குகளிலும் முதியோர் ஒன்று கேட்கிறார்கள், இளையோர் வேறொன்று கேட்கிறார்கள். எது விசுவாசம், எது வெறும் பழக்கம் என்று பிரித்தறிவது தலைவரின் கடமை.

மூன்றாவது, ஐச்சர் குழுமம் தன் பல தொழில்களைக் கைவிட்டு, சிலவற்றில் மட்டும் கவனம் வைத்தது. 2005-ல் டிராக்டர் தொழிலையே டாஃபே நிறுவனத்துக்கு விற்றது. பெயரளவுக்கு இருக்கும் சங்கங்களையும், ஆண்டுதோறும் பெருகும் விழாச் செலவுகளையும் நாம் எண்ணிப் பார்க்கலாம்.

பலன் நமக்குத் தெரியும். 2024-25 நிதியாண்டில் ராயல் என்ஃபீல்டு 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை விற்றது.

ஆனால் இந்தப் பாடத்துக்கு ஓர் எல்லை உண்டு. நட்டம் தரும் தொழிலை விற்கலாம். நட்டம் தரும் தெருவை விற்க முடியாது. காணிக்கை வராத மீனவர் குடியிருப்பும், கோவிலுக்கே வராத குடும்பமும் பங்கின் செலவுக் கணக்கு அல்ல. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன ஆயனை எந்தக் கணக்காளரும் பாராட்டமாட்டார். நம் ஆண்டவர் பாராட்டினார்.

முதலாளிக்கும் இந்த எல்லை உண்டு. 2013-க்குப் பிறகு புல்லட் உற்பத்தியின் பெரும்பகுதி ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் போய்விட்டது. விற்பனை உயர்ந்திருந்த 2018-லும் ஒரகடத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. விற்பனை எண்ணிக்கை எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. 1996-ல் பெரம்பூர் பின்னி ஆலை மூடப்பட்டதைக் கண்ட வடசென்னைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2025 மே மாதம் பொறுப்பேற்ற திருத்தந்தை 14-ஆம் லியோ, 1891-ல் தொழிலாளருக்காகச் சுற்றுமடல் எழுதிய 13-ஆம் லியோவை நினைத்தே தம் பெயரைத் தேர்ந்ததாகக் கூறியதையும் இங்கே நினைவுகூர்வோம்.

எனவே இராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள நாம் நம்மையே கேட்டுக்கொள்வோம். பங்குத்தந்தையும் பங்குப் பேரவையும் அன்பியக் கூட்டத்துக்குப் பேசப் போகிறோமா, கேட்கப் போகிறோமா? ஐந்து பேரை வைத்து லேத் பட்டறையோ மீன் வியாபாரமோ நடத்தும் நாம், அவர்கள் கூலியைக் குறித்த நாளில் கொடுக்கிறோமா? அவர்கள் வீட்டு நிலைமை நமக்குத் தெரியுமா?

நல்ல ஆயன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். முதலில் நம் பொறுப்பில் உள்ளவர்களின் பெயர்களைக் கற்றுக்கொள்வோம்.