நரியை எண்ண மறந்த நாடு

2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்குத் தொடங்கி எட்டு ஐந்துக்கு முடிந்த அந்தக் கணக்கெடுப்பை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவரவர் வளவில் நின்ற குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை நாடே எண்ணிப் படிவத்தில் நிரப்பியது. குரங்கு 51 லட்சத்துக்கு மேல், மயில் 42 லட்சம் என்று பின்னர் முடிவும் வந்தது. ஐந்து நிமிடத்தில் ஒரே மயில் மூன்று வளவுக்குப் பறந்து மூன்று படிவங்களில் ஏறியிருக்கலாம். அதைப் பெரிதாக்க நான் வரவில்லை. மயிலின் முட்டையையும் குஞ்சையும் தின்கிற நரியையும் எண்ண வேண்டும் என்று ஓர் அதிகாரிக்குக்கூடத் தோன்றவில்லையே, அதுதான் எரிச்சலூட்டுகிறது.

இது ஒரு கட்சியின் குற்றம் அல்ல. 2023இல் அமைச்சர் மகிந்த அமரவீர ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பப் புறப்பட்டார். விவகாரம் நீதிமன்றம் வரை போய் நின்றது. ஆட்சி மாறியது. புதிய விவசாய அமைச்சர் லால்காந்த, காணிக்குள் புகுந்து பயிரை அழிக்கும் விலங்குகள் மீது கமக்காரரே நடவடிக்கை எடுக்கலாம் என்ற தோரணையில் பேசினார். 2025 பெப்ரவரியில் நாடு முழுவதும் மின்சாரம் போனபோது பழி பாணந்துறை உபமின்நிலையத்துக் குரங்கின் தலையில் விழுந்தது. விலங்கு என்றாலே தொல்லை. தொல்லை என்றால் ஒழிக்க வேண்டும். கொழும்பின் வனவிலங்குக் கொள்கை இவ்வளவுதான்.

அமைச்சர் மேடையில் ஒரு வசனமாகச் சொல்லிவிட்டுப் போவது, வன்னிக்கு வந்து சேரும்போது பன்றிவெடி ஆகிவிடுகிறது. பன்றிக்கு வைத்த வெடியை நரியும்தான் கடிக்கும். கடித்தால் என்ன என்பவர்களும் இருக்கிறார்கள். இயக்கச்சியில் ஆடு வளர்க்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார்: "தம்பி, அது நரியில்லை, ஓநாய். கண்டுக்குட்டி அளவு நிக்குது." இலங்கையில் ஓநாய் கிடையாது ஐயா என்றேன். "நீங்கள் புத்தகத்தில பாத்தனீங்கள், நான் பட்டியில பாத்தனான்" என்றார்.

ஆனையிறவுத் தண்டவாளத்தின் ஓரம் ரயிலில் அடிபட்ட நரியொன்று கிடந்ததைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். நிமிர்ந்து நின்றிருந்தால் என் முழங்காலுக்கு வந்திருக்கும், அதற்கு மேல் இல்லை. கால்கள் சுள்ளிபோல மெலிந்தவை. பாதத்தின் இடுக்கில் உப்புச்சேறு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. வால் நுனி கறுப்பு. எங்கள் நரி பத்துக் கிலோவுக்குள்தான் இருக்கும், ஓர் அரிசிப் பையின் கனம். ஏ9 வீதிக் கடைகளின் பின்புறம் கொழுத்துத் திரியும் கட்டாக்காலி நாய் பல வேளை அதைவிடப் பெரிது. இருட்டில், பிடரி சிலிர்த்து, ரோச் வெளிச்சத்தில் கண் பளபளக்க நிற்கும்போதுதான் அது கண்டுக்குட்டி ஆகிறது.

சரி, ஓநாயாகவே இருந்தாலும் என்ன? உருவம் பெரிதானால் ஆபத்தும் பெரிது என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? 2002 முதல் 2020 வரை உலகெங்கும் ஓநாய்கள் மனிதரைத் தாக்கியதாகக் கிடைத்த பதிவுகளை நோர்வேயின் இயற்கை ஆய்வு நிறுவனம் திரட்டியிருக்கிறது. கேட்டவரிடமும் கேளாதவரிடமும் நான் ஒப்புவித்துவரும் கணக்கு அது. தாக்கப்பட்டோர் 489 பேர். அவர்களில் 380 பேரைக் கடித்தவை விசர் பிடித்த ஓநாய்கள். மனிதர் சீண்டியதாலோ வளைத்ததாலோ கடிபட்டோர் 42. இரையாகக் கருதி ஓநாய் பாய்ந்தது 67 பேர் மேல் மட்டுமே. இறந்தவர்கள் 26, அதிலும் 14 பேர் விசர்க் கடியால். ரஷ்யா நீங்கலான ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சேர்த்து ஏறத்தாழ 75,000 ஓநாய்கள். அத்தனைக்கும் அங்கே இறந்தவர்கள் இருவர், இருவருமே வட அமெரிக்காவில். ஐரோப்பாவில் ஒருவர்கூட இல்லை.

ஐரோப்பிய ஓநாய் 40 கிலோ வரும். இந்திய ஓநாய்க்கு 20 கிலோ என்பதே நல்ல எடை. அந்தச் சின்ன ஓநாய்தான் 1993 முதல் 1995 வரை ஹசாரிபாக் பகுதியில் 60 குழந்தைகளைக் கொன்றது. 1996இல் உத்தரப்பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களில் 76 குழந்தைகள் தாக்கப்பட்டனர். 2024இல் அதே மாநிலத்தின் பஹ்ராய்ச்சில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிள்ளைகள் பலியாக, கண்டதும் சுட உத்தரவு போட்டார்கள். பாதி எடையுள்ள விலங்கு இத்தனை உயிரைக் குடித்ததற்குப் பல்லின் நீளமா காரணம்? மான் இல்லாத வெளி, கதவில்லாத குடிசை, காவலுக்கு ஆளில்லாத முற்றத்தில் உறங்கும் பிள்ளை. ஆட்டுக்குப் பட்டி உண்டு, ஏழையின் குழந்தைக்குப் பட்டியும் இல்லை. ஓநாய் மனிதனைத் தேடி வரவில்லை; வறுமை குழந்தையைக் கொண்டுபோய் ஓநாயின் வழியில் கிடத்தியது.

ஒருவரையும் இழக்காத ஐரோப்பா என்ன செய்தது? 2022இல் ஐரோப்பிய ஆணைக்குழுத் தலைவி உர்சுலா வான் டெர் லேயனின் மட்டக்குதிரையை ஓநாய் கொன்றது. 2024 டிசம்பரில் ஓநாய்க்கான பாதுகாப்பைப் பேர்ண் உடன்படிக்கையில் ஒரு படி இறக்கினார்கள். 2025 மே மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஆமென் போட்டது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்பார்கள். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

'யானை பெரிது, அதனால்தானே ஆட்கள் சாகிறார்கள்' என்று ஒருவர் எழுதுவார். ஆண்டுதோறும் இந்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் யானையால் சாகிறார்கள், அதைப்போல இரண்டு மூன்று மடங்கு யானைகளும் சாகின்றன. யானையின் பாதையில் குடியேற்றம் போட்டு, வேலியைத் தப்பான இடத்தில் நட்டுவிட்டு, உயரத்தைக் குற்றம் சொல்வது என்ன நியாயம்? உருவத்தை அளந்து தீர்ப்புச் சொல்வது இந்த மண்ணுக்குப் பழைய வியாதி. வன்னியில் பிடித்த யானைகளை ஆனையிறவுக் கடல்நீரேரி வழியாகக் குடாநாட்டுக்குக் கடத்தி, உயரம் அளந்து விலை வைத்து விற்றார்கள் ஒல்லாந்தர். இன்றைய திணைக்களங்கள் அதே அளவுகோலைத் திருப்பிப் பிடித்திருக்கின்றன, அவ்வளவே வித்தியாசம்.

'ஏழைக் கமக்காரனின் வயிற்றெரிச்சல் உங்களுக்குத் தெரியாது' என்பது அடுத்த வசனம். இதைச் சொல்பவர்களில் பாதிப் பேர் கச்சானை உடைத்துத் தின்றிருப்பார்களே தவிர, விதைத்திருக்க மாட்டார்கள்.

பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நாங்கள் சாட்சி. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தை வந்தது. வனஜீவராசிகள் திணைக்கள ஊழியர் உட்படப் பலர் காயப்பட்டனர். அதை மயக்கிப் பிடிக்கக் கருவியும் ஆளும் நேரத்துக்கு வரவில்லை. சனம் அடித்துக் கொன்றது, கொன்று முடித்துப் படமும் எடுத்தது. பிறகு பொலிஸ், நீதிமன்றம், கைது. ஆபத்தாக மாறியது விலங்கா, இல்லை வராத அரசாங்கமா?

நரியால் வரும் மெய்யான ஆபத்து ஒன்றே: விசர். நரிக்கும் விசர் பிடிக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த நாட்டில் அந்த நோயை உயிரோடு காத்துவைத்திருப்பது நாய். 1973இல் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தார்கள். இன்று ஆண்டுக்குச் சில பத்துப் பேராகக் குறைந்திருக்கிறது என்றால், அதைச் சாதித்தது நாய்க்கும் கடிபட்டவருக்கும் போட்ட ஊசி. எந்த வெடியும் அல்ல. கடைக் கழிவைக் கானுக்குள் கொட்டுகிறோம். ரயிலில் அடிபட்ட மாட்டைத் தண்டவாளத்தில் நாறவிடுகிறோம். அங்கேதான் நாயும் நரியும் ஒரே பிணத்தில் வாய் வைக்கின்றன. பிறகு நரி ஊருக்குள் வந்துவிட்டது என்று ஒப்பாரி.

வராமல் என்ன செய்யும்? ஆனால் வந்த நரி சும்மா இருப்பதில்லை. வயலில் எலி பிடிக்கிறது, செத்ததைத் தின்று துப்புரவு செய்கிறது, மயில் கூட்டைக் கலைக்கிறது. கோழியும் ஆட்டுக்குட்டியும் அதற்கான கூலி. கூலி கூடிப்போனால் நட்டஈடு கொடுக்க வேண்டியது அரசாங்கம். நரி குறைந்த இடத்தில்தான் மயில் பெருகுகிறது என்று கமக்காரரே பல ஊர்களில் சொல்கிறார்கள். கல்விமான்கள் இன்னும் ஆதாரம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நரியை எண்ணாமல் அந்த ஆதாரம் எங்கிருந்து வரும்?

ஆகவே கொழும்பை நம்பிப் பயனில்லை. வட மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்து, ஆசனங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. 2025 மே மாதத் தேர்தலில் வந்த கரைச்சி, பச்சிளைப்பள்ளிப் பிரதேச சபைகளிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கழிவை ஒழுங்காக அள்ளுங்கள். செத்த மாட்டை அன்றைக்கே புதையுங்கள். கட்டாக்காலி நாய் ஒவ்வொன்றுக்கும் ஊசி போடுங்கள். பன்றிவெடி வைப்பவனை, அவன் யாருடைய ஆளாக இருந்தாலும், பிடித்துக் கொடுங்கள். சுண்டிக்குளத்திலிருந்து ஆனையிறவு வரை எத்தனை நரி மிஞ்சியிருக்கிறது என்று ஆய்வாளரைக் கொண்டு முறையாக எண்ணுங்கள். இவற்றைச் செய்த சபையின் எல்லைக்குள் மயில் தொல்லையும் குறையும், விசர்க்கடியும் ஒழியும், வெடிச்சத்தமும் நிற்கும் என்று அடித்துச் சொல்கிறேன். செய்யாத சபைக்கு அடுத்த முறை வாக்குக் கேட்கவும் உரிமை இல்லை.