தெரியும், முடியும்: ருஷ்யம் கற்போருக்கு

ருஷ்ய மொழியை ஆங்கிலத்தின் வழியாகக் கற்கும் நம் மாணவர்கள் தொடக்கத்திலேயே ஓரிடத்தில் இடறுகிறார்கள். ஆங்கிலத்தின் ‘கேன்’ ஒன்றுக்கு ருஷ்யத்தில் எதற்காக இரண்டு வினைகள்? கற்றுப் பெற்ற திறனுக்கு ‘உமேத்’. உடலும் சூழலும் இடங்கொடுப்பதற்கு ‘மோச்’. நீச்சல் பழகாதவர் ‘நி உமேயு’ என்பார். பழகியிருந்தும் கையில் மாவுக்கட்டோடு இருப்பவர் ‘நி மகு’ என்பார். ‘நீந்தத் தெரியாது’, ‘நீந்த முடியாது’ என்று நாம் நாள்தோறும் பிரித்துப் பேசுவதுதானே இது! வீட்டுச் சொத்தை மறந்துவிட்டு அயலாரிடம் கடன் வாங்குவானேன்? தமிழர்க்கான ருஷ்யப் பாடநூல் தமிழிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் துணிபு.

இசைவு கேட்பதும் எளிதே. வாயிலில் நின்று ‘மோஷ்ன?’ என்றால் போதும்; நம் ‘வரலாமா?’ போல அதற்கும் எழுவாய் வேண்டியதில்லை.

வேண்டுகோளில்தான் வழி பிரிகிறது. ‘நி மக்லீ பி வி பமோச்?’ என்பது பணிவான வேண்டுகோள். அதிலுள்ள ‘பி’யை விட்டுவிட்டுப் பெயர்த்தால் ‘உங்களால் உதவ முடியாதா?’ என்றாகும், தமிழ்ச் செவிக்கு அது குறைகூறல். எதிர்மறையின் கூர்மையை மழுக்குவது அந்த ஓரசைச் சொல்லே. இடைச்சொல்லுக்கெனத் தொல்காப்பியத்தில் தனி இயலே உடைய நமக்கு அதன் அருமையை விளக்கவும் வேண்டுமோ?