'யாருக்கு' என்பதற்கு முன்னர் 'எப்படி'

2024 நவம்பர் 14, பாராளுமன்றத் தேர்தல் நடந்த இரவு. வாப்பா முடிவுகளுக்காகத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ராத்தா அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். "ஒருத்தருக்கும் சொல்லாத. நான் ரெண்டு சின்னத்துக்குப் புள்ளடி போட்டுட்டன்" என்றார். அவருடைய விரலில் மை இன்னும் கறுப்பாக இருந்தது.

அதுதான் ராத்தாவின் முதல் வாக்கு. செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலன்று காய்ச்சலால் அவர் எழும்பவேயில்லை. நவம்பரில் காலையிலேயே குளித்து, அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, உம்மாவுடன் பாடசாலை மண்டபத்து வரிசையில் போய் நின்றார். போகும்போது பெரியவாப்பா ஒரு சின்னத்தைச் சொல்லி அனுப்பினார். ராத்தாவோ பத்திரிகைகளை வாசித்து, பேச்சுக்களைக் கேட்டு, தன் மனதுக்குள் வேறொரு சின்னத்தை வைத்திருந்தார். மறைப்புக்குள் நின்றபோது பெரியவர் சொல்லை மீறவும் பயம், தன் மனதை விடவும் கவலை. ஜனாதிபதித் தேர்தலில் மூன்று பேர் வரை தெரிவு செய்யலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டது அவருக்கு நினைவுக்கு வந்தது. அப்படியானால் இதிலும் இரண்டைத் தெரிவு செய்யலாம்தானே என்று நினைத்துவிட்டார்.

அப்படிச் செய்ய முடியாது. பாராளுமன்றத் தேர்தலில் ஒரு கட்சிக்கோ ஒரு சுயேச்சைக் குழுவுக்கோ மட்டுமே புள்ளடி இடலாம். இரண்டுக்கு இட்டால் அந்த வாக்குச்சீட்டு நிராகரிக்கப்படும். ராத்தாவின் வாக்கு பெரியவாப்பா சொன்ன சின்னத்துக்கும் போகவில்லை, அவர் விரும்பிய சின்னத்துக்கும் போகவில்லை.

ராத்தா உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தவர். அவரைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். உண்மையில் குறை என்னிடமும் இருந்தது. பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 196 தேர்தல் மாவட்டங்களிலிருந்து தெரிவாகின்றன, 29 தேசியப் பட்டியலுக்குரியவை, நமது கேகாலை மாவட்டத்துக்கு ஒன்பது என்றெல்லாம் அரசறிவியல் பாடத்துக்காக மனனம் செய்து வைத்திருந்தேன். ஆனால் ஒரு வெற்றுத் தாளில் வாக்குச்சீட்டை வரைந்து, "இங்கேதான் புள்ளடி போடவேண்டும்" என்று என் சொந்த ராத்தாவுக்குக் காட்ட எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் தேர்தலில் நாடு முழுவதும் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 667,240. இரண்டு மாதங்களுக்கு முன்னர் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அத்தொகை 300,300. இத்தனைக்கும் நவம்பரில் வாக்களிக்க வந்தோர் குறைவு. செப்டெம்பரில் 79 வீதத்துக்கு மேல் வாக்களித்தார்கள், நவம்பரில் ஏறத்தாழ 69 வீதம்தான். வந்தவர்கள் குறைந்தும் வீணானவை இரட்டிப்புக்கு மேல் கூடியிருக்கின்றன. வெறுப்பினால் வேண்டுமென்றே சீட்டைக் கெடுத்தவர்களும் இதில் இருப்பார்கள். ஆனால் ராத்தாவைப் போல் நல்ல எண்ணத்தோடு போய்ப் பிழையாக அடையாளமிட்டுவிட்டு வந்தவர்களும் நிச்சயமாக இருப்பார்கள்.

காரணத்தைத் தேடி நாம் தூரப் போகத் தேவையில்லை. எட்டு மாதங்களுக்குள் நமது நாட்டில் மூன்று தேர்தல்கள் நடந்தன. மூன்றிலும் வாக்களிக்கும் முறை வேறு. ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்குப் புள்ளடி இடலாம், அல்லது விருப்ப வரிசையில் மூன்று பேர் வரை 1, 2, 3 என்று இலக்கமிடலாம். 2024இல்தான் வரலாற்றிலேயே முதன்முறையாக அந்த இரண்டாம், மூன்றாம் விருப்புகளை எண்ணவேண்டி வந்தது. பாராளுமன்றத் தேர்தலில் ஒரே சின்னத்துக்குப் புள்ளடி இட்டு, அந்தப் பட்டியலில் உள்ள மூன்று வேட்பாளர்கள் வரை அவர்களின் இலக்கங்களுக்கு விருப்பு வாக்கு அளிக்கலாம். 2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலிலோ ஒரே ஒரு புள்ளடிதான், விருப்பு வாக்கே இல்லை. பரீட்சை வினாத்தாளின் அமைப்பு மாறினால் ஆசிரியர்கள் மாதிரி வினாத்தாள் தந்து நம்மைப் பழக்குகிறார்கள். வாக்குச்சீட்டு மாறும்போது நம்மைப் பழக்குவது யார்?

நமது வீடுகளில் தேர்தல் வந்தால் 'யாருக்கு' என்ற பேச்சுக்குக் குறைவில்லை. பெரியவாப்பா சொல்வார், மாமா சொல்வார், பக்கத்துக் கடை நானாவும் சொல்வார். 'எப்படி' என்று சொல்லித்தர ஒருவரும் வருவதில்லை. என் உம்மா இருபது வருடங்களுக்கு மேலாக வாக்களிக்கிறார். இதுவரை ஒரு விருப்பு வாக்கும் இட்டதில்லை. ஏனென்று கேட்டேன். "அது படிச்சவங்களுக்குள்ள வேலயெண்டு நெனச்சன்" என்றார். எவருடைய இலக்கங்களுக்கு அதிக விருப்பு வாக்குகள் கிடைக்கின்றனவோ அவர்கள்தான் அந்தப் பட்டியலிலிருந்து பாராளுமன்றம் போகிறார்கள். இத்தனை வருடங்களாக அந்தத் தெரிவை உம்மா மற்றவர்களிடமே விட்டிருக்கிறார்.

"நாங்கள் சிறுபான்மைச் சமூகம். எல்லோரும் ஒன்றாகப் போட்டால்தானே பலம்?" என்று பெற்றோர் கேட்கலாம். அது நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றாக முடிவெடுப்பது வேறு, ஒருவர் எடுத்த முடிவை மற்றவர் கையில் திணிப்பது வேறு. மஷூறா என்றால் வீட்டிலுள்ள இளைய பிள்ளையின் கருத்தையும் கேட்பதல்லவா? கேட்டுப் பேசி ராத்தாவின் மனம் மாறியிருந்தால் அவர் ஒரு புள்ளடி இட்டிருப்பார். மாறாவிட்டாலும் ஒரு புள்ளடிதான் இட்டிருப்பார். பயந்ததால்தான் இரண்டு இட்டார்.

வாக்கு ஓர் அமானிதம். அதன் அருமையை அறிய நம் மாவட்டத்தைச் சுற்றிப் பார்த்தாலே போதும். 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்த அதே வருடத்தில், அரசாங்க சபைக்குத் தெரிவான முதல் பெண்ணான அடலின் மொலமூறேயை அனுப்பியது நமது கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லைத் தொகுதிதான். நமது வீட்டுக்கு மேலேயுள்ள தோட்டத்தில் பால் வெட்டும் அக்காவின் முன்னோர்களுக்கும் அன்று வாக்கு இருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலானோரின் வாக்கைப் பறித்தன. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இல்தான். அவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து பெற்ற உரிமையை, நாம் தெரியாமல் இடும் ஒரு புள்ளடியால் இழந்துவிட்டு வீட்டுக்கு வரலாமா?

ஆகவே நான் மூன்று விடயங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, 18 வயதை எட்டும் பிள்ளையின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா என்று பெற்றோர் பார்க்கவேண்டும். இல்லையென்றால் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லிப் பதியவேண்டும். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர், புதிதாக 18 வயதாகுபவர்களைக் குறைநிரப்பு இடாப்புகளில் சேர்க்க வழியிருக்கிறது. பெயர் இடாப்பில் இருந்தால், வாக்காளர் அட்டை கைக்கு வராவிட்டாலும் தேசிய அடையாள அட்டையோடு போய் வாக்களிக்கலாம். அட்டை வரவில்லை என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

இரண்டாவது, நமது கல்லூரியில் மாணவர் பாராளுமன்றத் தேர்தல் நடக்கும்போது உண்மையான வாக்குச்சீட்டின் அமைப்பிலேயே சீட்டு அச்சிடுவோம். எண்ணி முடிந்ததும் நிராகரிக்கப்பட்ட சீட்டுகளை, யாருடையவை என்று தெரியாமல், பலகையில் ஒட்டி எது ஏன் பிழை என்று பேசுவோம். இந்தியாவில் 2011 முதல் ஜனவரி 25ஆம் திகதியைத் தேசிய வாக்காளர் தினமாகக் கொண்டாடி, புதிய வாக்காளர்களை வரவேற்கிறார்கள். நமக்கு ஒரு காலைக் கூட்டம் போதும்.

மூன்றாவது, நாம் கற்றதை உம்மாவுக்கும் உம்மும்மாவுக்கும் சொல்லிக்கொடுப்போம். யாருக்கு என்று சொல்லாமல் எப்படி என்று மட்டும் சொல்வோம்.

மே மாதம் 5ஆம் திகதி இரவு எங்கள் வீட்டு மேசையில் அதைச் செய்து பார்த்தோம். ஒரு கொப்பித் தாளில் நான் வாக்குச்சீட்டு வரைந்தேன். கட்சிச் சின்னங்களுக்குப் பதிலாக மாம்பழம், ஈரப்பலாக்காய், தேங்காய், வாழைக்குலை என்று படம் போட்டேன். உம்மா தேங்காய்க்குப் புள்ளடி போட்டார். வாப்பா சிரித்துக்கொண்டே மாம்பழத்துக்குப் போட்டார். ராத்தா அப்போதுதான் நவம்பரில் நடந்ததை வாப்பாவிடம் சொன்னார். வாப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நாளைக்கு ஒன்டுக்கு மட்டும் போடுங்க மகள். எதுக்கெண்டு எனக்குச் சொல்லத் தேவயில்ல" என்றார்.

மறுநாள் ராத்தா வாக்களித்துவிட்டு வந்தார். எந்தச் சின்னத்துக்கு என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த வருடம், இன்ஷா அல்லாஹ், எனக்கு 18 வயது. இதை வாசிக்கும் தோழிகளில் பலருக்கும் அப்படித்தான். அடுத்த தேசியத் தேர்தல் வரும்வரை காத்திருக்காமல், இன்றிரவே ஒரு தாளையும் பேனையையும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு மேசைக்குப் போங்கள்.