வெள்ளெழுத்தும் வெள்ளையன் எழுத்தும்

நாற்பது அகவையைக் கடந்தவர், கையிலுள்ள இதழை மெல்ல மெல்ல அப்பால் நகர்த்தி, ஈற்றில் கை நீளம் போதாமல் திகைப்பதை எல்லாரும் கண்டிருப்போம். எழுத்துகள் வெளிறித் தோன்றுதலின் அந்நிலைக்கு 'வெள்ளெழுத்து' என்று பெயரிட்டனர் தமிழ் மக்கள். புலவர் குழு கூடி ஆக்கிய கலைச்சொல்லன்று இது. திண்ணையில் அமர்ந்து ஊசியில் நூல் கோக்க மாட்டாத பாட்டியும், கணக்கோலை படிக்க மாட்டாத கணக்கனும் தம் கண்ணுக்குத் தோன்றியவாறே கூறிய சொல். இன்று கண்ணாடிக் கடைக்குள் நுழைவார் எவரேனும் இச்சொல்லைச் சொல்லிக் கண்ணாடி கேட்கின்றனரா? 'கிட்டத்துச் சைட்டா, தூரத்துச் சைட்டா?' என்கிறார் கடைக்காரர். 'ரீடிங் பவர்' என்கிறார் வந்தவர். ('சைட்டு' என்பது தெருமுனை இளைஞர் வேறொன்றுக்கும் வழங்கும் சொல் என்பதை இருவரும் மறந்தனர் போலும்!)

நாற்பதுக்குமேல் விழியினுள் உள்ள வில்லை இறுகிவிடுகிறது. இளமையில் அண்மைப் பொருளை நோக்குங்கால் அது தானே பருத்துக்கொள்ளும். இறுகியபின் பருக்க மாட்டாது. அக்குறையை வெளியிலிருந்து ஒரு குவிவில்லை ஈடுசெய்கிறது, அவ்வளவே. நரைபோல் எல்லார்க்கும் வருவது இது. கிட்டப்பார்வை வேறு. அதில் விழிக்கோளம் முன்பின்னாக நீண்டுவிடுதலால், தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரையை எட்டுமுன்பே குவிந்துவிடுகிறது. அதற்குக் குழிவில்லை வேண்டும்.

மூக்குக்கண்ணாடியைத் தமிழனே முதலிற் கண்டான் என்று நிறுவ நம்மவர் எவரும் முற்பட வேண்டா. அது கி.பி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றியது. 1306-இல் பிளாரன்சு நகரில் சமயவுரை ஆற்றிய துறவி ஒருவர், அக்கலை கண்டறியப்பட்டு இன்னும் இருபதாண்டு நிறையவில்லை என்று கூறியது பதிவாகியுள்ளது. முதலில் வந்தது வெள்ளெழுத்துக்குரிய குவிவில்லையே. கிட்டப்பார்வைக்குரிய குழிவில்லை 15ஆம் நூற்றாண்டிற்றான் வந்தது. அப்பொருள் நம் நாட்டுக்கு வந்தபோது நம் மக்கள் என்ன செய்தனர் என்பதே நாம் நோக்கத்தக்கது. முகம் பார்க்கும் கண்ணாடியோடு மூக்கைச் சேர்த்து 'மூக்குக்கண்ணாடி' என்றனர். மலையாளத்தார் 'கண்ணட' என்றனர். கன்னடத்தார் 'கன்னடக' என்றனர். அயற்பொருளுக்கு அயற்சொல்தான் வேண்டும் என்று அன்று ஒருவரும் கருதவில்லை. படித்தவர் பெருகிய பின்னரே அவ்வறியாமையும் பெருகியது.

இனி, கண்ணாய்வு அறையில் தொங்கும் எழுத்துப்பட்டிக்கு வருவோம். நெதர்லாந்து நாட்டு உத்திரெக்து நகரத்துக் கண்மருத்துவர் எர்மன் சுனெல்லன் என்பார் 1862-இல் வகுத்த முறை அது. குறித்த தொலைவில் நின்று நோக்குவார்க்கு ஒவ்வோர் எழுத்தும் ஒரு பாகையில் பன்னிரண்டில் ஒரு கூறாகிய கோணத்தில் தோன்றவேண்டும். எழுத்துக் கோட்டின் பருமன் அதில் ஐந்திலொன்று இருத்தல் வேண்டும். 6 மீட்டர் தொலைவிலிருந்து படிப்பதற்குரிய எழுத்து ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். அதனை அத்தொலைவில் படித்தவர்க்கு 6/6 என்று எழுதுவர். நல்ல கண்ணினர் 60 மீட்டரில் படிக்கும் எழுத்தை 6 மீட்டரில் நின்றுதான் ஒருவர் படிக்க இயலுமாயின் அவர்க்கு 6/60. இக்கணக்கில் ஆங்கிலம் எங்கே இருக்கிறது? கோணத்துக்கு மொழி உண்டோ?

ஆயினும், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த மூதாட்டியை அமர்த்தி ஆங்கில எழுத்தைக் காட்டிப் 'படிங்க பாட்டி' என்கின்றனர். அவர் குன்றிப்போய், 'எனக்குப் படிக்கத் தெரியாதுங்க' என்கிறார். நாள்தோறும் செய்தித்தாள் படித்தவர் அவர். கண் மங்கியதென்று வந்தவர், எழுத்தறியாதவர் என்று பெயர் பெற்றுத் திரும்புகிறார். எழுத்தறியாதார்க்கெனத் தனிப்பட்டி ஒன்று உண்டுதான். அதிலும் ஆங்கில எழுத்தொன்றையே நான்கு பக்கமும் திருப்பித் திருப்பி வைத்து, அதன் கால்கள் எப்பக்கம் நீண்டுள்ளன என்று விரலாற் காட்டச் சொல்கின்றனர். நம் பகரத்தைச் சிறிது ஒடுக்கி எழுதி அவ்வாறே திருப்பி வைத்தால் ஆகாதா? வாய்திறந்த பக்கத்தைப் பாட்டி காட்டமாட்டாரா?

தமிழெழுத்தால் பட்டி அமைப்பது எளிதன்று என்பாரும் உளர். அதில் ஓரளவு உண்மையுண்டு. ட, ப, ம போல்வன ஒருசில கோடுகளால் ஆனவை. ஞ, ண, ஐ போல்வன சுழியும் வளைவும் மிக்கவை. ஒரே உயரத்தில் எழுதினும் முன்னவை தெளிந்தும் பின்னவை கலங்கியும் தோன்றும். ணகரத்தையும் னகரத்தையும் நல்ல கண்ணினரே மயங்குவர்! ஆகலின், படித்தற்கு ஒத்த எளிமையுடைய எழுத்துகளைத் தெரிந்தெடுத்தே பட்டி அமைத்தல் வேண்டும். அதனைச் சென்னையிற் கண்ணியல் கற்றோர் செய்து, ஆய்ந்து, வெளியிட்டும் உள்ளனர். பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் தமிழ்ப்பட்டி தொங்குகிறது. எனவே, இயலாது என்பதற்கு இனி இடமில்லை. விருப்பமில்லை என்றே கொள்ளவேண்டும். எழும்பூர்க் கண்மருத்துவமனை தோன்றியது 1819-இல். இருநூறாண்டுக்குமேல் தமிழர் கண்ணை ஆய்ந்துவரும் நாட்டில், சிற்றூர்க் கண்ணாடிக் கடைவரை தமிழ்ப்பட்டி சென்றிருக்க வேண்டாவா?

மருத்துவர் தரும் சீட்டைப் பற்றியும் ஒரு சொல். வலக்கண், இடக்கண் என்பவற்றுக்கு இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகளை இடும் வழக்கம் இன்னும் உள்ளது. ஆங்கிலேயனே தன் மொழியில் எழுதத் துணியாத இடம் போலும்! கோளம், உருளை, அச்சு என்னும் சொற்களை நம் பிள்ளைகள் பாடநூலிலேயே படிக்கின்றனர். அவற்றைக் கொண்டு அச்சீட்டை எழுதினால் என்ன குறைந்துவிடும்? கழித்தற்குறி இட்டிருந்தால் குழிவில்லை, கூட்டற்குறி இட்டிருந்தால் குவிவில்லை என்னுமளவேனும் தெரிந்தாலன்றோ, கடைக்காரர் வேறொன்றை மாட்டித் தந்தால் கேட்க இயலும்?

இவை முதியோர் பாடு. எனக்கு நெஞ்சு பதைப்பது பிள்ளைகளை எண்ணும்போதே. முப்பதாண்டாகக் கரும்பலகைக்கு முன் நிற்பவன் நான். கிட்டப்பார்வையுள்ள பிள்ளை, 'எனக்குத் தெரியவில்லை' என்று தானாக வந்து சொல்வது அரிது. பிறர்க்கு எவ்வளவு தெரிகிறது என்பதை அஃது எங்ஙனம் அறியும்? உலகமே இவ்வாறு மங்கலாக இருப்பதுதான் என்று கருதிக்கொள்கிறது. கண்ணை இடுக்குகிறது, பக்கத்துப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்து எழுதுகிறது, அதற்காக அடி வாங்குகிறது. 'மக்கு' என்னும் பெயரையும் உடன் வாங்குகிறது. பலகையில் 8 என்று எழுதியதை 3 என்று எழுதிக்கொண்டு விடை பிழைத்த பிள்ளைக்குக் கணக்கு வாராது என்று முடிவு கட்டிவிடுகின்றனர். அதற்கு வாராதது கணக்கன்று. பலகையிலிருந்து அவ்வெண்தான் வந்து சேரவில்லை.

தமிழ்நாட்டரசு 2009-இல் 'கண்ணொளி காப்போம்' என்று ஒரு திட்டம் தொடங்கிப் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணை ஆய்ந்து விலையின்றிக் கண்ணாடி வழங்கியது. திட்டமும் நன்று, பெயரும் நல்ல தமிழ். ஆனால், தந்த கண்ணாடி மூக்கில் ஏறியதா? எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த பெண்ணொருத்தி வகுப்பில் மட்டும் கண்ணாடி அணிவாள். மாலையில் ஏரிக்கரை வந்ததும் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்வாள். வினவியபோது, தந்தை திட்டுவார் என்றாள். அவரைக் கண்டு பேசினேன். 'பொம்பளப் புள்ளைக்கு இதை மாட்டிவிட்டா, நாளைக்கு எவன் வந்து கட்டுவான், ஐயா?' என்றார். அவரோடு வழக்காடிப் பயனில்லை. ஆண்டிறுதித் தேர்வில் கணக்கில் அவள் பெற்ற மதிப்பெண்ணை முந்தைய ஆண்டு மதிப்பெண்ணோடு சேர்த்துக் காட்டினேன். அவர் மறுமொழி கூறவில்லை. மறு ஆண்டு அவள் ஏரிக்கரையிற் கழற்றவுமில்லை.

அவரை மட்டும் நோவானேன்? பையன் கண்ணாடி அணிந்தால் 'படிப்பாளி' என்பதும், பெண் அணிந்தால் குறையென்பதும் மேடையேறித் தமிழ்மானம் பேசும் நம்மவர் வீடுகளிலும் இல்லையா? பெண் பார்க்க வருகின்றனர் என்றதும் கண்ணாடியை ஒளித்துவைத்துத் தொடுவில்லை வாங்கித் தருகின்றனர். தொடுவில்லை நல்ல பொருளே. 1888-இல் செருமானியர் அடால்பு பிக்கு கண்ணாடியாற் செய்ததும், 1961-இல் செக்கு நாட்டறிஞர் ஓட்டோ விக்டர்லே மென்பொருளாற் செய்ததும் மாந்தர்க்கு ஆக்கமே. ஆயின், அதைக் குழாய்நீரிற் கழுவலாகாது, அணிந்தவாறு உறங்கலாகாது, மீறினால் கருவிழி புண்ணாகும். அஞ்சி ஒளித்து அணிபவளுக்கு அதைத் தூய்மை செய்யவும் கழற்றி வைக்கவும் வாய்ப்பேது?

நம் இயக்கத்தார்க்கு உவப்பில்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பொன்னாங்கண்ணி உண்டால் கண்ணாடியைக் கழற்றியெறியலாம் என்று நம் இதழ்களிலேயே எழுதுகின்றனர். கீரையுண்ணல் நன்று. ஊட்டக்குறையால் வரும் மாலைக்கண்ணை முருங்கைக்கீரை போல்வன தடுக்கும். நீண்டுவிட்ட விழிக்கோளத்தை எந்தக் கீரையும் குறுக்காது. கண்ணாடி அணிந்தால் கண் மேலும் கெடும் என்பதும் பொய்யே. கண்ணாடி அணியாத பிள்ளைக்கும் வளரும் அகவையில் அளவு ஏறத்தான் செய்யும்.

தடுக்க வழியில்லையா எனின், ஓரளவு உண்டு. அது திறந்தவெளி. சீனத்துக் குவாங்சௌ நகரில், ஆறு அகவைப் பிள்ளைகளை நாள்தோறும் 40 நிமையம் கூடுதலாக வெளியில் விட்டு மூன்றாண்டு ஆய்ந்தனர். முடிவு 2015-இல் வெளிவந்தது. வெளியில் விடப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 30 பேர்க்கும், விடப்படாதாரில் 40 பேர்க்கும் கிட்டப்பார்வை புதிதாக வந்திருந்தது. தைவான் நாட்டிலோ 2010 முதலே நாளுக்கு 120 நிமையம் பிள்ளைகளை வெளியிற் கழிக்கச் செய்ய முயன்றனர். நாம் என்ன செய்கிறோம்? மூன்று அகவையில் ஆங்கிலப் பள்ளியில் அடைக்கிறோம். மாலையில் தனிப்பயிற்சிக்கு அனுப்புகிறோம். இரவில் கைப்பேசியைக் கையில் தந்துவிடுகிறோம். கால அட்டவணையில் விளையாட்டு என்று எழுதியுள்ள வேளையை ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் எடுத்துக்கொள்ளும் ஆசிரியர் என் பக்கத்து வகுப்பிலும் உளர். இந்நூலைப் படிக்கும் ஆசிரியத் தோழர்கள் அவ்வொரு வேளையையேனும் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்கட்டும். கடைசி வரிசைப் பிள்ளையை எழுப்பிப் பலகையிலுள்ளதை ஒருமுறை படிக்கச் சொல்லட்டும். அதற்கு எந்தக் கருவியும் வேண்டா. கண்ணாடிக் கடைக்குச் செல்வோர், 'வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுங்கள்' என்று வாய்விட்டுக் கேட்கட்டும். தமிழ்ப்பட்டி இருக்கிறதா என்றும் வினவட்டும். இருவர் கேட்டால் சிரிப்பார். இருபதின்மர் கேட்டால் வாங்கி மாட்டுவார்.

இவ்விதழாசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். தாளின் விலை ஏறியிருப்பதை அறிவேன். எனினும், நம் உறுப்புக்கட்டணத்தாரிற் பெரும்பாலார் நாற்பதைக் கடந்தவர். மடல்கள் பகுதியை அச்சிடும் அந்தப் பொடியெழுத்தை அடுத்த இதழிலிருந்து ஒரு படி பெரிதாக்குக.